திங்கட்கிழமை கிரெஷ் திறக்கிறார்கள்

பாம்ப்ளமூஸ்,
1 ஜூன் 1945, வெள்ளிக்கிழமை

அன்புள்ள அத்தானுக்கு,

தனலட்சுமி வணங்கி எழுதிக்கொள்வது. நானும் நம் மகள் சிவகாமியும் சுகம். இத்தனை நாள் இந்த வரியை வழக்கத்துக்கு எழுதிவந்தேன். இப்போது காலையில் அவளைத் தரையில் நிறுத்தி, இரண்டு காலும் ஊன்றுகிறதா என்று பார்த்த பிறகுதான் எழுதுகிறேன். எகிப்தில் உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? சண்டை முடிந்துவிட்டது என்று இந்தத் தீவில் மாதா கோயில் மணியெல்லாம் அடித்தார்கள். முடிந்த சண்டைக்கு உங்களை இன்னும் ஏன் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் ஒருத்தரும் சொல்லக் காணோம்.

முதலிலேயே ஒன்று. எப்போதும் போல இதை உங்களோடு இருக்கிற அந்த மதராஸ் சிப்பாயிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லாதீர்கள். கோயில் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழை வைத்து நீங்களே எழுத்துக் கூட்டிப் படியுங்கள், இரண்டு நாள் ஆனாலும் ஆகட்டும். கப்பலேறிக் காரைக்கால் வரைக்கும் போய்ப் பெண் எடுத்தீர்கள் அல்லவா, படுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். புயலுக்குப் பின்னால் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்து கால் விளங்காமல் போகிறது என்று எழுதியிருந்தேனே, அது தணிந்திருக்கிறது. எங்கள் ஊரில் இளம்பிள்ளைவாதம் என்பார்கள், இங்கே போலியோ என்கிறார்கள். நம் எஸ்டேட்டில் ஒரு மாதமாகப் புதிதாக யாருக்கும் இல்லை. கரும்பு வெட்டுத் தொடங்கப்போகிறது, பெண்கள் வேலைக்கு வந்தாக வேண்டும். அதனால் மார்ச்சில் மூடிய கிரெஷை வரும் திங்கட்கிழமை திறக்கிறோம் என்று துரை சொல்லிவிட்டார். அங்கே வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற நான், அலமேலு, ஒதில் மூன்று பேரும் வருகிறோமா இல்லையா என்று நாளைக்குள் வேலை வாங்குகிற சர்தாரிடம் சொல்ல வேண்டுமாம். வராதவர்களுக்கு அப்புறம் அந்த வேலை கிடையாதாம்.

அலமேலு முடியவே முடியாது என்கிறாள். அவளுக்கு இப்போது ஆறு மாதம். துரை வீட்டுப் பிள்ளைகள் மட்டும் இன்னும் கடற்கரை பங்களாவை விட்டு வரவில்லையே, அது ஏனாம், கேட்டுச் சொல்லுங்க என்று சர்தார் முகத்துக்கு நேராகவே கேட்டாள். அவர் தொப்பியைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டு போய்விட்டார். ஒதில் திறக்கத்தான் வேண்டும் என்கிறாள். போன்ஜியே, கடவுளே, மூடிவைத்து என்ன கண்டோம், பிள்ளைகள் கரும்பு வண்டி நிழலில் கிடக்கின்றன, போன வாரம் ஒன்று வாய்க்கால் வரைக்கும் தவழ்ந்து போயிருக்கிறது, அதற்கு நம் கண் முன்னால் கிடக்கட்டுமே என்று கத்துகிறாள். இரண்டு பேர் சொல்வதும் நியாயமாகத்தான் படுகிறது. அவர்களுக்குள் இப்போது பேச்சு வார்த்தை இல்லை. நடுவில் நான் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன்.

ஆனால் என் பயம் வேறு, அத்தான். உங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன்.

கோவிந்தம்மாவின் மகன் ராமசந்திரனுக்கு வலது கால் போய்விட்டது என்று எழுதினேன். அவன் கடைசியாகக் கிரெஷுக்கு வந்த நாளைப் பற்றி எழுதவில்லை. அன்று மத்தியானம் கால் வலிக்கிறது என்று அழுதான். உடம்பு லேசாகச் சுட்டது. காலையெல்லாம் ஓடி ஆடின அசதி என்று நினைத்தேன். எங்கள் வழக்கம்தான் தெரியுமே, குளிப்பாட்டினால் எண்ணெய், அழுதால் எண்ணெய். அவனை மடியில் போட்டு, சுடவைத்த தேங்காயெண்ணெயால் தொடையிலிருந்து பாதம் வரைக்கும் அழுத்தி நீவிவிட்டேன். காலை மடக்கி மடக்கி நீட்டினேன். வீறிட்டான். வீறிட்டால் பிடிப்பு விடுகிறது என்று இன்னும் அழுத்தினேன். மூன்றாம் நாள் அந்தக் கால் அசையவில்லை.

போன புதன்கிழமை ஒரு டாக்டர் வந்து எங்களை உட்காரவைத்து பிரெஞ்சில் பேசினார். ஒதில் அதைக் கிரெயோலில் எனக்குச் சொன்னாள். தண்ணீரைக் கொதிக்கவைக்க வேண்டும், பிள்ளைக்கு ஒரு குவளை வேண்டும், காய்ச்சலோடு வந்தால் திருப்பி அனுப்ப வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். கடைசியில் அவர், காய்ச்சலில் கை காலை நீவவே கூடாது, அசைக்காமல் படுக்கவைக்க வேண்டும், நீவினால் இன்னும் கெட்டுப்போகும் என்றார். இதைச் சொல்லும்போது ஒதில் என் பக்கம் திரும்பவே இல்லை. அன்று எண்ணெயைச் சுடவைத்துக் கொடுத்தது அவள்தான்.

மனசு கேட்கவில்லை. நேற்றுக் கோவிந்தம்மா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தட்டை இறக்காமல், நிமிராமல் கேட்டாள். அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போனேன். அவளோ, வீட்டுக்குத் தூக்கிட்டு வந்து நானும்தானே நீவினேன் அக்கா, கத்தக் கத்த நீவினேனே, இதை எங்க வீட்டுக்காரர்கிட்டே மட்டும் சொல்லிடாதே என்றாள். இரண்டு பேரும் அழுதோம். ராமசந்திரன் பலகையில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துச் சிரித்தான்.

கிளம்பும்போது தன் ஐந்து மாதக் கைக்குழந்தையைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள். திங்கக்கிழமை இவளை உன் கையிலேதான் கொடுப்பேன், நீ வரலைன்னா வண்டி நிழல்லே போட்டுட்டு வெட்டுக்குப் போவேன் என்றாள். என்னை நம்பியா என்று கேட்டேன். ஆமா, நீ பயந்து போயிருக்கே, இனி எந்தப் பிள்ளை உடம்பு சுட்டாலும் முதல்லே உனக்குத்தான் தெரியும் என்றாள். குழந்தையை வாங்கிக்கொண்டேன்.

அதனால் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லப்போகிறேன். சிவகாமியும் என்னோடு வருவாள். அவளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்பது ஒன்று. ஊரார் பிள்ளைகளை உள்ளே வாங்கிக்கொண்டு என் பிள்ளையை மட்டும் ஒளித்துவைத்தால் துரைக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? இப்படி வாய் பேசிவிட்டேனே தவிர, பயம் விடவில்லை அத்தான். நேற்றிலிருந்து அவள் நெற்றியை எத்தனை தடவை தொட்டுப் பார்த்தேன் என்று கணக்கில்லை. உங்களைக் கேட்காமல் முடிவு செய்வதற்கு மன்னியுங்கள். உங்கள் பதில் வர இரண்டு மாதம் ஆகும், எனக்கு இருப்பது ஒரே நாள்.

இது உங்கள் கைக்கு வரும்போது அந்தத் திங்கட்கிழமை எப்போதோ கழிந்திருக்கும். நடப்பது நடந்திருக்கும். அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் படித்து முடித்ததும் நம் சாந்த் குருவா அம்மன் கோயில் எந்தத் திக்கில் இருக்கிறது என்று யாரையாவது கேட்டு, அந்தப் பக்கம் திரும்பி நின்று, ஜூன் நாலாம் தேதி என் மகளைக் காப்பாற்று தாயே, தனலட்சுமி கையால் எந்தப் பிள்ளைக்கும் கெடுதல் வராமல் பார்த்துக்கொள் தாயே என்று ஒரு தடவை கும்பிடுங்கள். அந்த நாள் போய்விட்டதே என்று இருந்துவிடாதீர்கள்.

உங்கள்
தனலட்சுமி