நாலு விரல் இரும்பு

இந்தத் தாள் யார் கையில் கிடைத்தாலும் சரி, கும்பிட்டுக் கேட்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். நாளைக்கு இன்ஸ்பெக்டர் வந்துவிட்டுப் போகும் வரைக்குமாவது. இது என் அண்ணனுக்கு எழுதுவது.

அண்ணா, சாயங்காலம் ஊருக்குள் யார் வீட்டுப் பெண்ணழைப்புக்கோ சரவெடி போட்டார்கள். அந்தக் கருகல் வாடை இன்னும் வீட்டுக்குள் நிற்கிறது. உன் ஸ்வெட்டரில் இருந்த அதே வாடை. அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு படுத்துவிட்டாள். எனக்குப் பயமாக இருக்கிறது. அதைவிட ஆத்திரமாக இருக்கிறது.

ஓசூரில் கம்பெனி வேலை போனதும் தோட்டத்துக்காரரின் ராகிக் கொல்லைக்குக் காவலாக வந்தாய். பரண்மேல் அவருடைய லைசென்ஸ் துப்பாக்கி. நான் சாப்பாடு கொண்டுவரும்போது நீ மருந்து கெட்டித்துக்கொண்டிருப்பாய். குழல் வாய் வழியாகக் கருமருந்து, மேலே தேங்காய் நார், அப்புறம் இரும்புக் கம்பியால் இடி. பொறி கிளப்புகிற கேப் வைப்பது கடைசியில்தான். "அது வைக்கிற வரைக்கும் இது வெறும் பைப்பு பாப்பா" என்பாய். யானை வந்தால் வானத்தைப் பார்த்துச் சுட்டுவிட்டு, "ஹோகப்பா, ஹோகு!" என்று கன்னடத்தில் போகச் சொல்லிக் கத்துவாய். "எல்லாம் கர்நாடகாலருந்து வர்றதுங்க, தமிழ்ல சொன்னா எப்டிப் புரியும்?"

கம்பி விட்டுப் பார்க்காமல் நீ ஒருநாளும் மருந்து போட்டதில்லை. காலிக் குழலில் கம்பி அடிவரை இறங்கி வாய்க்குச் சமமாக நிற்கும். உள்ளே மருந்து இருந்தால் நாலு விரல் வெளியே நீட்டும்.

"நேத்துதான பாத்தே?" என்று கேலி செய்தேன்.

"சின்னவரு பன்னிக்குன்னு போட்டு வெச்சிட்டுப் போயிருந்தா? ஒண்ணு மேல ஒண்ணு போட்டா அப்புறம் எனக்கு மூஞ்சியே இருக்காது, பாப்பா."

அன்றைக்கும் பார்த்தாய். நான் பக்கத்திலேயே நின்றேன். கம்பி சமமாக நின்றது. "காலி" என்று சொல்லிவிட்டு மருந்தை எடுத்தாய். நான் தூக்குவாளியோடு வீட்டு வாசலுக்கு வந்தபோது சத்தம் கேட்டது. எப்போதும் கேட்கிற சத்தம் இல்லை அது.

தோட்டத்துக்காரர் மகன், உன் சின்னவரு, ஊரெல்லாம் சொல்கிறான்: "குடிச்சிட்டு ரெண்டு தடவ கெட்டிச்சிட்டான்." பஸ்ஸில் குடிகாரன் ஏறினால் இறங்கி நின்றுவிடுகிற உன்னை! அதையே அம்மாவும் நாளைக்கு இன்ஸ்பெக்டரிடம் சொல்ல வேண்டுமாம். "சொல்லிடுங்கக்கா. எங்க எடத்துலதான இருக்கீங்க?" என்றான். அம்மா தலையாட்டினாள்.

அவனுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அன்று மத்தியானம் மோட்டார் ரூமில் அவன் ஹேக்ஸா பிளேடால் எதையோ அறுத்துக்கொண்டிருந்தான். "இன்னாண்ணா அது?" என்று கேட்டேன். "நெம்புனேன், நுனி வளைஞ்சிடுச்சு. நீ போ" என்றான். உன் காரியம் முடிந்தபிறகு அங்கே போய்த் தேடினேன். இரும்புத் தூளுக்குள் கிடந்தது, வளைந்த நுனி. விரல் வைத்துப் பார்த்தேன். நாலு விரல்.

கம்பியைக் குட்டையாக்கியவன் அவன். அதே கம்பியால் பன்றிக்குக் கெட்டித்து, கேப் வைக்காமல் பரணில் வைத்துவிட்டுப் போனவனும் அவன். உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உள்ளே மருந்து இருந்தும் கம்பி உன்னிடம் "காலி" என்று சொன்னது அவனால்தான்.

அவன் சாக வேண்டாம் அண்ணா. அது சீக்கிரம் முடிந்துவிடும். கம்பி இப்போது ஸ்டேஷனில் இருக்கிறது. இந்தத் துண்டை அதோடு ஒட்டிப் பார்க்கச் சொல்வேன். அறுத்த இடம் பொருந்துவதை அவன் அப்பா பார்க்கட்டும், பெண்டாட்டி பார்க்கட்டும். குடிச்சிட்டு என்று சொன்ன அந்த வாய் எல்லார் முன்னாலும் கோண வேண்டும். வீட்டை விட்டுத் துரத்தினால் துரத்தட்டும். துண்டைப் பாவாடை நாடாவில் முடிந்து வைத்திருக்கிறேன். திரும்பினால் குத்துகிறது. குத்தட்டும்.

வாசலில் செருப்புச் சத்தம். கதவைத் தட்டுகிறார்கள்.

"அக்கா, எந்திரிங்க. மோட்டார் ரூம்ல பாப்பா எதுனா எடுத்தாளான்னு கேக்கணும்."

அவன்தான். அம்மா எழுந்துவிட்டாள். என் இடுப்பையே பார்க்கிறாள். அண்ணா, அவளுக்கு முன்னாடியே தெரியும், அவள்