வண்டியை விற்றுவிட்டேன், ரெம்கோ

போல்ஸ்வர்ட்,
அக்டோபர், ஞாயிறு மதியம்

அன்பு மகன் ரெம்கோவுக்கு,

ஆஸ்லோவில் நீயும் இங்க்ரிடும் குழந்தைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் இருக்கிறேன். முழங்கால் வலி பழையபடிதான். தோட்டத்தில் ஆப்பிள் கொட்டிக் கிடக்கிறது, பொறுக்க ஆளில்லை. இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே என்று நீ கேட்பாய். போனில் நான் ஒரு விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் உனக்கு வேறு யாராவது கூப்பிட்டுவிடுகிறார்கள். கடிதத்துக்கு அந்தத் தொல்லை கிடையாது.

காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போவோமே, அந்தக் கேரவன் வீட்டை விற்றுவிட்டேன். விற்காதே என்று நீ சொன்னது காதில் விழாமல் இல்லை. "அது அப்பாவோட ஞாபகம்மா. அடுத்த கோடையில நாம எல்லாரும் அதுலயே நார்வே வடமுனைக்குப் போயி, அவரு விட்ட பயணத்த முடிச்சு வைப்போம்" என்றாய். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நீ சொல்வது எல்லாமே கேட்க நன்றாக இருக்கும். உன் அப்பாவும் அப்படிக் கேட்டு ஏமாந்தவர்தானே.

வாங்கியவர் ஹார்ம் என்று ஒரு மாட்டு வியாபாரி. மனைவி கிரீட்யேவோடு வந்தார். மனிதர் கேரவனுக்கும் மாட்டுக்குப் பேசுகிற மாதிரியே பேரம் பேசினார். ஒரு விலை சொல்லி என் உள்ளங்கையில் ஓங்கி ஒரு அடி. நான் ஒரு விலை சொல்லி அவர் கையில் ஒரு அடி. வாசலில் இந்தக் கூத்து நடக்க, பக்கத்து வீட்டு ஆவ்கே ஜன்னலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். "ஏம்மா, உங்க கைக்கு என் மாடுங்களோட குளம்பே தேவலை போலிருக்கே!" என்றார் ஹார்ம். "குளம்பு பேரம் பேசாது, நான் பேசுவேன்" என்றேன். கை சிவந்து எரிகிற நேரத்தில் கடைசி அடி விழுந்தது. அது விழுந்துவிட்டால் பேச்சு மாறக் கூடாது, இந்த ஊரில் பிறந்த உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் இனி நீ கேட்டும் பயனில்லை.

அதற்குப் பிறகுதான் கிரீட்யே கேரவனுக்குள் ஏறி அலமாரி இழுப்பறைகளைத் திறந்து பார்த்தாள். கரண்டிகளுக்கு அடியில் வடமுனை ஸ்டிக்கர் கிடந்தது. "பின்பக்கம் டென்மார்க், ஸ்வீடன்னு எல்லா ஊரும் ஒட்டியிருக்கீங்க, இத மட்டும் ஏன் உள்ள போட்டு வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். உன் அப்பா அதை நாங்கள் கடைசியாகத் தங்கிய ஆல்ட்டாவில் ஒரு கடையில் முன்கூட்டியே வாங்கினார். போய்ச் சேர்ந்த பிறகுதான் ஒட்டுவேன், பார்க்காத ஊரை ஒட்டினால் அது பொய் என்று சொல்லி உள்ளே வைத்தார். "போகலை. இன்னும் அரை நாள் ஓட்டம் பாக்கி இருந்துச்சு" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஸ்டிக்கரை என் கையில் கொடுத்துவிட்டு இழுப்பறையை மூடினாள்.

அவளிடம் சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன். உனக்குப் பாதிதான் தெரியும்.

முப்பது வருஷம் பால் லாரி ஓட்டியவர். வேலையை விட்டதும் நார்வேயின் வடக்குக் கோடிவரை போய்க் கடலைப் பார்க்க வேண்டும் என்ற ஒரே ஆசைதான் அவருக்கு. இதயம் பலவீனமாக இருக்கிறது, போவதானால் சீக்கிரம் போய் வாருங்கள் என்று டாக்டர் சொன்னதை உன்னிடமும் சொன்னோம். வழியில் ஆஸ்லோவில் உன் வீட்டுக்கு வந்தோம். ஒரு சாப்பாட்டு நேரம் கொடுத்தாய். கிளம்பும்போது நீயாகவே டைரியைப் புரட்டி, "அப்பா, நானும் ஆல்ட்டாவுக்குப் பறந்து வந்துடறேன், கடைசி ஓட்டம் நாம சேர்ந்து போலாம்" என்று ஒரு வியாழக்கிழமையைச் சொன்னாய். யாரும் உன்னைக் கேட்கவில்லை. உன் அப்பா அன்றைக்கே தன் டைரியில் மையால் எழுதினார். மற்றதையெல்லாம் பென்சிலால்தான் எழுதுவார், உனக்குத் தெரியும்.

ஆல்ட்டாவில் கூடார மைதானத்தில் இடம் பிடித்து, கேரவன் வாசலில் முன்கூடாரத்தைக் கட்டி, உனக்கென்று கட்டில் போட்டு, மூன்றாவதாக ஒரு மடக்கு நாற்காலியும் வாங்கி வைத்தார். அந்த வியாழக்கிழமை நீ வரவில்லை. அடுத்த வாரம் வருகிறேன் என்று செய்தி அனுப்பினாய். அந்த ஒரு வாரமும் வானம் துடைத்து விட்டது போலத் தெளிவாக இருந்தது. பக்கத்துக் கூடாரத்து ஜெர்மன்காரர் தினமும் வந்து, "வெயில் இருக்கறப்பவே போயிட்டு வாங்க, மூடுபனி வந்துட்டா முனையில உங்க மூக்குகூடத் தெரியாது" என்றார். நான் கெஞ்சினேன். போய்விட்டு வந்து மறுபடி அவனோடு போகலாம் என்றேன். "பையனுக்குத் தேதி குடுத்திருக்கேன் யெட்ஸ்கே. அவன் வர்றதுக்குள்ள நாம போய் பாத்துட்டா அவன் எதுக்கு வரணும்?" என்றார். எனக்கு அன்று அவர் மேல்தான் கோபம் வந்தது. இன்று அந்தக் கோபம் முழுக்க உன் மேல்.

இரண்டாவது வியாழக்கிழமை காலையில், கேரவனின் நான்கு மூலையிலும் இருக்கிற கால்களைக் கைப்பிடி போட்டுச் சுற்றி மேலே ஏற்றிவிட்டார். காரைப் பின்னால் எடுத்து வண்டியை மாட்ட வேண்டியதுதான் பாக்கி. அப்போதுதான் நீ போன் பண்ணினாய். முக்கியமான கூட்டம் என்றாய். "பரவால்லடா, வேலைதான் முக்கியம், அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அது உனக்குக் கேட்டிருக்கும். போனை வைத்துவிட்டு மறுபடி குனிந்து, ஏற்றிய நான்கு கால்களையும் ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினார். அந்தக் கைப்பிடி கிறீச்சிட்டது உனக்குக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. விட்டுவிடுங்கள் என்று சொல்லியும் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை மூடுபனி வந்தது. காபி எடுத்துக்கொண்டு போனேன். உனக்காக வாங்கிய நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன்.

அவர் விமானத்தில் ஊர் வந்தார். வண்டி பின்னால் லாரியில் வந்தது. அடக்கத்துக்கு மட்டும் நீ நேரத்துக்கு வந்தாய், அதற்கு நன்றி. அன்று நீ அழுததும் பொய்யில்லை, நான் பார்த்தேன். ஆனால் கல்லறையிலிருந்து திரும்பும்போது கைக்கடிகாரத்தைப் பார்த்தாயே, அதையும் பார்த்தேன்.

ஹார்ம் நேற்று வந்து வண்டியை எடுத்துப் போனார். கால்களை ஏற்றும்போது அதே கிறீச். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஸ்டிக்கரை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். உன் காரில் ஒட்டிக்கொள். போய்ப் பார்த்த பிறகு ஒட்டு.

நவம்பர் மூன்றாவது வாரம் என் டைரியில் கொஞ்சம் இடம் இருக்கிறது, வந்து தங்குங்கள் என்று செய்தி அனுப்பியிருந்தாய். நான் வரவில்லை. நீ வா. ஆனால் எனக்குத் தேதி சொல்லாதே. சொன்னால் நானும் மையால் எழுதிவிடுவேன், அந்தப் புத்தி எனக்கும் இருக்கிறது. பெற்ற பிள்ளைகூட நாள் குறித்துக்கொண்டு வருகிற ஊர் இது. நீ திடீரென்று வந்து நின்றால், என்ன ஆபத்தோ என்று ஆவ்கே பதறிப் போய் ஓடி வருவாள். வரட்டும். நான் இல்லையென்றால் சாவி அவளிடம்தான் இருக்கும். மடக்கு நாற்காலி ஒன்றை மட்டும் ஹார்முக்குக் கொடுக்காமல் எடுத்து வைத்திருக்கிறேன். எது என்று உனக்குத் தெரியும்.

நீயும் இங்க்ரிடும் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். உனக்கு வயதாகிற காலத்தில் உன் பிள்ளைகள் வருகிறேன் என்று சொன்னால், சொன்னபடி வந்துவிட வேண்டும். தினமும் அதைத்தான் வேண்டிக்கொள்கிறேன்.

உன் அம்மா,
யெட்ஸ்கே