பிஸ்கட் டின்னில் கிடந்த ஸ்கோர்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் இன்னும் என் சொல்பேச்சு கேட்கிறது, அதனால் நலம் என்று வைத்துக்கொள். நீயும் மருமகளும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குழந்தையின் முன்பல் விழுந்த படம் வந்தது. தானாக விழும்வரை பொறுக்காமல் அதை ஆட்டிப் பிடுங்கியது யார் என்று எனக்குத் தெரியும். உனக்குப் பொறுமை எந்தக் காலத்தில் இருந்தது?

புது வீட்டுக்கு உன் சம்பளம் மட்டும் போதாது, என் பென்ஷனையும் காட்டி நானும் கூடக் கையெழுத்துப் போட வேண்டும், அதற்கு முன் என் கிரெடிட் ஸ்கோர் தெரிய வேண்டும், மாதக் கடைசிக்குள் முடியாவிட்டால் வீடு வேறு ஆளுக்குப் போய்விடும் என்றெல்லாம் எழுதியிருந்தாய். பெற்ற பிள்ளைக்குக் கையெழுத்துப் போட எனக்குத் தடையில்லை. ஆனால் அந்த மூன்று இலக்க எண்ணைப் பார்க்க உன் நண்பனின் கம்பெனிக்கு மாதாமாதம் பணம் கட்டச் சொல்லி ஒரு லிங்க் அனுப்பினாயே, அதைத்தான் ஜீரணிக்க முடியவில்லை. என் பெயர், என் நடத்தை, என் எண். அதை நான் பார்க்க உன் நண்பனுக்கு எதற்கு டிக்கெட் காசு? உன் அக்கா வீட்டுக்காரரிடம் சொன்னால் அவர் அதற்கும் மேல். "அத்தை, அதை அடிக்கடி பாக்காதீங்க, பாக்கப் பாக்க இறங்கிடும்" என்கிறார். கண்ணாடி பார்த்தால் முகம் தேயுமா மாப்பிள்ளை என்று கேட்டேன். புதுக் கடன் கேட்டு நாலு பாங்கில் விண்ணப்பம் போட்டு, அந்த நாலு பேரும் எட்டிப் பார்த்தால்தான் கொஞ்சம் இறங்கும், நம்முடையதை நாமே பார்ப்பதால் ஒன்றும் ஆகாது. பாங்கில் பெரிய உத்தியோகம் பார்க்கும் மனிதருக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

தெருமுனையில் ஜெராக்ஸ் கடைக்காரன் ஒரு பலகை மாட்டியிருக்கிறான், ஸ்கோர் பார்த்துத் தரப்படும், ஏற்றியும் தரப்படும் என்று. எப்படி ஏற்றுவாய் என்று கேட்டேன். "அதெல்லாம் உள்ளுக்குள்ள ஆள் இருக்கும்மா, உங்களுக்குப் புரியாது, கார்டை மட்டும் குடுங்க, போனுக்கு ஒரு நம்பர் வரும், அதையும் சொல்லுங்க" என்றான். உன் வீட்டுச் சாவியையும் கொடுத்துவிடு, நானும் உனக்குப் புரியாத வேலை ஏதாவது செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வரிசையில் நின்ற இரண்டு பேர் அதற்குப் பிறகும் கார்டை நீட்டினார்கள். அவர்களைச் சொல்லி என்ன பயன், நான் பெற்றதே லிங்க் அனுப்புகிறது.

இனிமேலாவது தெரிந்துகொள். நம் கடன் கணக்கைப் பதிந்து இந்த ஸ்கோரைப் போடும் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒரு முறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும், கேட்கிறவருக்கு மட்டும். எல்லாவற்றிலும் ஒரே நாளில் கேட்டுவிடாமல் சில மாதத்துக்கு ஒன்றாகக் கேட்டால் வருஷம் பூராவும் காலணா செலவில்லாமல் பார்த்துக்கொண்டிருக்கலாம். இலவசம் என்று சொல்லிவிட்டுக் கீழே பொடி எழுத்தில் கார்டு நம்பர் கேட்கும் பக்கம் அடுத்த மாதமே பணம் பிடிக்க ஆரம்பிக்கும், மூடிவிடு. யாரோ அனுப்பிய லிங்க்கைத் தட்டாமல் முகவரியை நீயே தட்டச்சு செய். முப்பது வருஷம் அலுவலகத்தில் தட்டச்சு செய்த விரல்கள் இவை. நூலகத்தில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து இருபது நிமிஷத்தில் முடித்தேன். நூலகர் உதவட்டுமா என்றார், உங்கள் மின்விசிறியை மட்டும் குறையுங்கள் என்றேன். ரிப்போர்ட்டை அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டு வந்து, கான்வென்டில் சிஸ்டர் பழக்கிய மாதிரி, படித்த ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் சின்னக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போனேன். முதல் பக்கத்தில் எண்ணூறுக்கு மேல் எதிர்பார்த்தேன். அறுநூற்றுப் பன்னிரண்டு இருந்தது. வாழ்நாளில் ஒரு ஊசிகூடக் கடன் சொல்லி வாங்காதவள் நான். யாரோ முட்டாள் தட்டச்சில் கோட்டை விட்டிருக்கிறான் என்றுதான் நினைத்தேன். நாலாம் பக்கத்தில் உன் பைக் இருந்தது.

ஆமாம், அந்தச் சிவப்பு பைக். முதல் வேலை கிடைத்ததும் கடனில் வாங்கினாய், நான் ஜாமீன் போட்டேன். ஊர் மாற்றலாகிப் போனபோது அதை விற்றுவிட்டுக் கடைசி மூன்று தவணையை அப்படியே விட்டுவிட்டாய். ஒன்பது வருஷமாக அது என் பெயரில் உட்கார்ந்திருக்கிறது. பாங்குக்குப் போன் செய்து, ஒரு கடிதம் போட உங்களுக்குத் தோன்றவில்லையா, இதுதான் வேலை பார்க்கும் லட்சணமா என்று கேட்டேன். அந்தப் பெண் பொறுமையாக, "ஏழு லெட்டர் போட்டிருக்கோம்மா, ஒண்ணும் திரும்பி வரலையே" என்றாள். என் வீட்டுக்கு வரும் தபால் எனக்குத் தெரியாமல் போகாது என்று சொல்லிப் போனை வைத்தேன். பிறகு உன் அப்பாவின் பிஸ்கட் டின் ஞாபகம் வந்தது. பாங்கிலிருந்து எது வந்தாலும், "கார்டு வாங்கச் சொல்லித் தொல்லை பண்றானுங்க" என்று அதில் போட்டு மூடுவாரே. பரண்மேல் ஏறி எடுத்தேன், முழங்கால் அதற்குத்தான் வலிக்கிறது. ஏழும் இருந்தன, ஒன்றும் பிரிக்கவில்லை. அந்த மனிதரை என்னென்னவோ திட்டிக்கொண்டே திருப்பினேன். ஒவ்வொரு கவரின் பின்பக்கத்திலும் இஸ்திரிக்காரிக்குப் போட்ட பட்டியல், சட்டை ஆறு, புடவை நாலு, தலையணை உறை இரண்டு என்று. கையெழுத்து என்னுடையது. முன்பக்கத்தில் இருந்ததோ என் பெயர். கடன் வாங்காதவளுக்குப் பாங்க் கடிதத்தில் என்ன இருக்கப்போகிறது என்ற திமிர்தான், வேறென்ன. அந்தப் பாங்க் பெண்ணுக்கு மறுநாள் மன்னிப்புக் கேட்டு நாலு வரி எழுதிப் போட்டேன். உன்னிடம் இதைச் சொல்வதுதான் கஷ்டமாக இருக்கிறது.

அபராதத்தோடு சேர்த்தாலும் அந்தத் தொகை உன் புது வீட்டின் ஒரு மாதத் தவணையைவிடக் குறைவு. நானே கட்டிவிடலாம். கட்ட மாட்டேன். நீ கட்டு, முழுவதும் கட்டு, பாதியில் பேரம் பேசி முடித்தால் அந்தக் கறையும் ரிப்போர்ட்டில் ஏறும். பாக்கி இல்லை என்று எழுதி வாங்கி எனக்கு அனுப்பு. ரிப்போர்ட்டில் அது மாற ஒரு மாதம் பிடிக்கும் என்கிறார்கள், எண் மெதுவாகத்தான் ஏறும், ஆகவே உன் மாதக் கடைசி நடக்காது. வீடு விற்பவரிடமும் பாங்கிலும் அவர்களாகக் கண்டுபிடிக்கும் முன் நீயே போய் உண்மையைச் சொல். பொறுப்பார் என்றால் நல்லது. மாட்டேன் என்றால் அந்த வீடு உனக்கில்லை, அழாதே. அடுத்த வீட்டுக்கு என் கையெழுத்து இருக்கிறது.

மருமகள் இருமலுக்கு டாக்டரைப் பார்க்கட்டும், கடையில் கேட்டு மருந்து வாங்க வேண்டாம். குழந்தைக்கு என் முத்தம். நீங்கள் மூவரும் தலை நிமிர்ந்து நெடுநாள் வாழ வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். ஒரு கவரை நான் பிரித்துப் படித்துவிட்டேன். மற்ற ஆறையும் பிரிக்காமல் இதோடு வைத்திருக்கிறேன். பின்பக்கத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு எங்காவது போட்டுவிடாதே, உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரி.

இப்படிக்கு,
உன் பேரில் கோபம் தீராத,
அம்மா