உன்னைக் கேட்டு வந்த அழைப்புகள்

அந்த வெள்ளைப் பொட்டலம் நேற்று மறுபடியும் நம் முந்திரி ஆலைக்கு, அண்டி ஆபீசுக்கு, வந்தது. அதே குச்சி, நுனியில் அதே சின்னத் தூரிகை, மூடி போட்ட குழாய். நர்ஸ்தான் வேறு, வயதில் சின்னவள். முந்திரி உடைக்கும் பெண்கள் எல்லோரையும் உட்கார வைத்து, இது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனை, யாரும் உங்களைத் தொட மாட்டார்கள், கழிப்பறைக்குப் போய் நீங்களே எடுத்து வரலாம் என்றாள். கடைசியில் படிவத்தை நீட்டி போன் நம்பர் கேட்டாள்.

முதல் தடவை அது வந்தபோது நீ என் பக்கத்தில் இருந்தாய். நான் வழக்கம்போலக் குடைந்தேன். எதற்கு இலவசம்? மேனேஜர் வீட்டு அம்மாவுக்கு வேண்டாமா, நமக்கு மட்டும் ஏன்? கொண்டுபோய் என்ன செய்வார்கள்? "ஏட்டி, ஒனக்குக் கோயில் அசனச் சோத்துலயும் சம்சயம்தான்" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தாய். நான் எடுக்கவில்லை. நீ எடுத்தாய்.

நம்பர் எழுதும் இடத்தில் நீ தயங்கினாய். உன் வீட்டிலிருந்த ஒரே போன் உன் கணவரின் சட்டைப் பையில். இந்தச் சமாசாரம் அவர் காதில் விழுந்தால் வீடு என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும். "எனக்க கூட்டுக்காரிக்க நம்பர எழுதிக்கிடுங்க" என்று என்னைக் காட்டினாய். கண்ட இடத்திலும் என் நம்பரைக் கொடுக்காதே என்று முணுமுணுத்துக்கொண்டே நம்பரைச் சொன்னேன்.

அப்புறம் அண்டி வரத்து இல்லாமல் ஆபீஸ் மூடிக் கிடந்தது. நீ குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போவதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாய். அப்போதுதான் அந்தப் பெண் போனில் கூப்பிட்டாள். டவுன் தமிழ், தேனொழுகும் குரல். உன் பெயரைச் சொல்லிக் கேட்டாள். என்ன விஷயம் என்றேன். "அத அவங்ககிட்ட மட்டும்தாங்க சொல்லணும். சீக்கிரமா நேர்ல வரச் சொல்லுங்க" என்றாள்.

உன்னை ஏமாற்றப் பார்க்கும் குவைத் ஏஜென்ட் என்று முடிவு கட்டிவிட்டேன். பொட்டலம் என் நினைவிலேயே இல்லை. "அப்படி ஆரும் இங்க இல்ல. நம்பர் தப்பு" என்று வைத்துவிட்டேன். உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்தேன். அது முழு உண்மையும் இல்லை. நீ போய்விட்டால் என் பக்கத்தில் யார் உட்காருவார்கள் என்பதும் இருந்தது. அடுத்த வாரம் மறுபடியும் கூப்பிட்டாள். மூன்றாம் முறை, "அக்கா, தயவுசெஞ்சு வச்சிராதீங்க" என்றாள். கெஞ்சக் கெஞ்ச என் சந்தேகம்தான் கூடியது. வைத்துவிட்டேன். உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீ குவைத்துக்கும் போகவில்லை; போன் வராததால் சோதனையில் ஒன்றுமில்லை என்று இருந்துவிட்டாய்.

இரண்டு வருஷம் கழித்து உதிரப்போக்கு நிற்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாய். திரும்பி வந்து குழித்துறை பஸ் ஸ்டாண்டில் என்னைப் பிடித்துக்கொண்டாய்.

"அந்தச் சோதனையில அப்பமே தெரிஞ்சிருக்கு. அப்பமே போயிருந்தா சின்ன சிகிச்சையில சுகமாயிருக்குமாம். மூணு மட்டம் போன் பண்ணுனாவளாம். ஒனக்கு வந்துதா மக்கா?"

"இல்லியே" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வார்த்தை!

நீ என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாய். "செரி, அவியளுக்கு நம்பர் தப்பியிருக்கும்" என்றாய். அதற்குள் பஸ் வந்துவிட்டது, ஏறினோம்.

ஊரில் எவரையும் நம்பாத நான், உன் அந்தப் பார்வையை இன்றுவரை புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன். நம்பினாயா? தெரிந்துகொண்டு என்னை விட்டுவிட்டாயா? அப்புறம் எத்தனையோ நாள் உனக்குக் கஞ்சி கொண்டுவந்தேன், தலை வாரிவிட்டேன். நீ அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எடுத்துவிடுவாயோ என்று ஒவ்வொரு நாளும் பயந்தேன்.

கடைசியாக வார்டில் சேர்த்தபோது, அவசரத்துக்குக் கூப்பிட ஒரு நம்பர் கேட்டார்கள். உன் மகள் போனும் கையுமாக அங்கேதான் நின்றாள். நீ அவளைக் கையமர்த்திவிட்டு, மூச்சு வாங்க வாங்க என் நம்பரைச் சொன்னாய், பத்து எண்ணும் பிசகாமல். பிறகு என்னைப் பார்த்துக்கொண்டே நர்சிடம் சொன்னாய்: "இவளுக்குப் போடுங்க. இவ எடுப்பா."

அந்த அழைப்பு ஒரு மத்தியானம் வந்தது. முதல் மணியிலேயே எடுத்தேன். உன் பெயரைச் சொல்லி, வேண்டப்பட்டவர்தானே என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.