விரிப்பின் மறுமுனை

மார்ச் 3

அந்தப் பழைய படத்தை மறுபடியும் பார்த்தேன். சுரங்கத்துக்குள் மாட்டிக்கொண்ட தொழிலாளிகள். அவர்களில் ஒருவன் மனிதன் இல்லை, மனித உருவெடுத்த ஜந்து. யாரென்று தெரியாது. தங்கை எட்டிப் பார்த்து, "ரப்பர் பொம்மைக்கா இப்படிப் பயப்படுற?" என்றாள். பொம்மைக்கு யார் பயந்தது? நேற்றுவரை ஒன்றாகச் சாப்பிட்டவர்கள், விளக்கு அணைந்து எரிந்ததும் ஒருவரையொருவர் பார்க்கிறார்களே, அந்தப் பார்வைக்குத்தான் பயம். அங்கே இசைகூடக் கிடையாது, தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும். இன்றைக்கு எவன் எடுப்பான் இப்படி!

மார்ச் 5

நான் வேலை செய்யும் சலவைக்கூடத்தில் ஆவியை வெளியே தள்ளும் ஃபேன் கெட்டுப் பல நாளாகிறது. சரிசெய்யும்வரை வேலையை நிறுத்துவோம் என்று நேற்று எங்களுக்குள் பேசிவைத்தோம். இன்று காலை சூப்பர்வைசர் வாசலிலேயே நிற்கிறார்: "நிறுத்துறவங்க அப்படியே வீட்டுக்குப் போகலாம்." யார் போட்டுக்கொடுத்தது? இஸ்திரி அக்கா, எங்களோடு விரிப்பு மடிக்கும் நெட்டையைக் கைகாட்டினாள். நேற்று லீவு கேட்க அவர் அறைக்குப் போனாளாம். அவ்வளவுதான் சாட்சி!

மார்ச் 6

எங்களிடம் சலவைக்கு வரும் ஆஸ்பத்திரி விரிப்பை ஒருத்தியாக மடிக்க முடியாது. இந்த முனையில் ஒருத்தி, அந்த முனையில் ஒருத்தி. இன்று நெட்டைக்கு மறுமுனையை யாரும் பிடிக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தனியாக மல்லுக்கட்டினாள்.

படத்தில் ஜந்து பாதியிலேயே செத்துவிடும். அது தொழிலாளிகளுக்குத் தெரியாது. மிச்சப் பாதியில் சாகிறவர்களையெல்லாம் மனிதர்களேதான் கொல்கிறார்கள். எத்தனை முறை பார்த்திருப்பேன் அந்த இடத்தை! அதைப் பார்த்துவிட்டு எனக்கென்ன என்று நிற்பதா? போய் மறுமுனையைப் பிடித்தேன்.

"நீயும் அவ கூட்டாளியா?" — இஸ்திரி அக்கா.

"ஆமா. என்ன இப்போ?"

மார்ச் 7

என்னோடும் யாரும் பேசவில்லை. போகட்டுமே!

மார்ச் 9

நெட்டை கேட்டாள்: "நிஜமாவே நான்தான் சொல்லியிருந்தா?"

"அப்பவும் இத தனியா மடிக்க முடியாதுல்ல? இழுத்துப் பிடி."

மார்ச் 10

தங்கைக்குப் படக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். காதைப் பொத்திக்கொண்டாள். "ஏன்க்கா கத்துற? பக்கத்துலதானே இருக்கேன்."

நான் எங்கே கத்தினேன்? சாதாரணமாகத்தான்... ஐயோ! மெஷின் இரைச்சலில் பேசிப் பேசி எங்கள் எல்லோருக்குமே இதுதானே குரல். வேலையை நிறுத்துவதைப் பற்றி அன்றைக்கு நாங்கள் பேசியது சாப்பாட்டு நேரத்தில், மெஷினும் ஓடவில்லை. சூப்பர்வைசர் அறை சுவருக்கு அந்தப் பக்கம்!

மார்ச் 11

சாப்பாட்டு நேரத்தில் எல்லோரிடமும் சொன்னேன். "யாரும் காட்டிக்கொடுக்கல. நாமளேதான் ஊருக்கே கேக்குற மாதிரி ரகசியம் பேசியிருக்கோம்."

"அதெப்படிடி கேக்கும்?" என்றாள் இஸ்திரி அக்கா.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சூப்பர்வைசர் குரல்: "மெதுவாப் பேசுங்கம்மா, போன்ல இருக்கேன்!"

சாப்பாடு முடிந்ததும் இஸ்திரி அக்கா எழுந்துபோய், நெட்டையின் விரிப்பில் ஒரு முனையை எடுத்தாள். நெட்டை அதை அவள் கையிலிருந்து வாங்கி என்னிடம் கொடுத்தாள்.

"இன்னிக்கு வேணாம்க்கா. நாளைக்குப் பாப்போம்."

அக்கா தலையாட்டினாள். அங்கிருந்து நேராகப் போய் சூப்பர்வைசர் அறைக் கதவைத் தட்டினாள். "ஃபேன் என்னாச்சு சார்?" என்று அவள் கேட்டது தெருவுக்கே கேட்டிருக்கும். நெட்டையும் நானும் விரிப்பை மேசைமேல் வைத்துவிட்டு, அவள் பின்னால் போய் நின்றோம்.