மரமாக நின்ற செயலாளர்

அன்புள்ள சின்னக்குட்டிக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் போன வாரத்தைவிடக் கொஞ்சம் தெம்பாகவே இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அங்கே நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். போனில் சொன்னால் நடுவில் புகுந்து, ‘விட்டுத் தள்ளும்மா’ என்பாய், அதனால்தான் கடிதம். நான் விடவில்லை.

நம் குடியிருப்புச் சங்கச் செயலாளர், இடுப்பில் சாவிக்கொத்தோடு திரிவாரே, அவர் தன் கார் மேல் காக்கை எச்சமிடுகிறதென்று அப்பாவின் ஜன்னலுக்கு நேரே நின்ற வாதாம் மரத்தை ஆள்விட்டு வெட்டினார் அல்லவா, அன்றைக்குச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர்தான் உன் அப்பா. பக்கவாதத்தில் கிடக்கிற மனிதருக்கு அந்த இலையும் அணிலும்தான் நாள் முழுக்கத் துணை. ஏழு மாதமாக ஒரு வார்த்தை இல்லை, சிரிப்பு இல்லை. என் வயிற்றெரிச்சல் எனக்குத்தான் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு நாடகக்காரப் பெண் வந்தாள். மனிதர்களை மண்ணோடும் மரத்தோடும் மறுபடி சேர்த்துவைக்கிற சடங்கு நாடகமாம். கூப்பிட்டதே சாவிக்கொத்துதான், சங்கத்துக்கு நல்ல பெயர் வேண்டுமாம்! மாடிவீட்டுக் கணக்கு வாத்தியார் காற்று, நான் மழை. பச்சைத் துணியெல்லாம் நான்தான் தைத்தேன். நடுவில் நிற்கிற மரம்தான் பெரிய வேஷம் என்றதும் செயலாளர், விதி என்னவென்றுகூடக் கேட்காமல் முந்திக்கொண்டு கையைத் தூக்கிவிட்டார். மரம் பேசக்கூடாது, நகரக்கூடாது, மழை வந்து காலடியில் தண்ணீர் ஊற்றும்வரை வெறுங்காலோடு கை விரித்து நிற்க வேண்டும், மழை வருவது மழையின் இஷ்டம். இது அந்தப் பெண் போட்ட விதி, நான் சொல்லிக்கொடுத்ததில்லை. மரம் எங்கே நிற்கட்டும் என்று அவள் கேட்டபோது மட்டும், அந்த அடிக்கட்டை பக்கத்தில் நிற்கட்டுமே என்றேன்.

உச்சி வெயில், கீழே சிமெண்டுத் தரை. நான் வாளியோடு ஒவ்வொரு தொட்டிச் செடியாக நின்று நிதானமாக ஊற்றிக்கொண்டு வந்தேன். அவர் கால் மாற்றிக் கால் மாற்றித் தவித்தார். மரத்துக்கு ஏது காலு, அசையாம நில்லுங்க சார் என்று வாத்தியார் அதட்டினார், அவருக்கும் என்ன கோபமோ. கடைசியில் செயலாளர் கண்ணாலேயே என்னைக் கெஞ்சினார். கிட்டே போய், இங்கதான் நிழல் இருந்துச்சு, ஞாபகம் இருக்கா என்று கேட்டேன். மரம் பேசக்கூடாதே. மிச்சத் தண்ணீர் முழுவதையும் அடிக்கட்டையில் ஊற்றிவிட்டு வெறும் வாளியோடு திரும்பிவிட்டேன். அந்தப் பெண்தான் பாவப்பட்டுக் கைதட்டி முடித்துவைத்தாள். எனக்குப் பாவமாக இல்லை, உன்னிடம் என்னத்தை மறைப்பது.

வீட்டுக்கு வந்தால் அப்பா ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கிறார். சத்தம் கேட்டு அவரே ஜாடை காட்டித் திருப்பச் சொன்னதாக நர்ஸ் சொன்னாள். கோணிய வாயோடு என்னைப் பார்த்துச் சிரித்து, குழறிக் குழறி ஒரு வார்த்தை சொன்னார். இன்னுங் கொஞ்ச நேரம் நிக்க வச்சிருக்கலாமேடி என்றார். வாளியைக் கீழே வைத்துவிட்டு அழுதேன்.

குழந்தையை வெறுங்காலோடு மண்ணில் விடு, சளி பிடிக்கும் என்று பயப்படாதே. மூவரும் குறைவில்லாமல் வாழ எங்கள் ஆசீர்வாதம். அப்பாவுக்கு மறக்காமல் போன் செய், பதில் சொல்வார். அடுத்த மாதமும் அந்த நாடகம் உண்டாம். மழை வேஷத்தை நான் யாருக்கும் விட்டுத்தருவதாக இல்லை, மரத்துக்குத்தான் இன்னும் ஆள் கிடைக்கவில்லை.

இப்படிக்கு,
உன் பிடிவாதக்கார அம்மா