ஆறாவது ரெஜிஸ்டர்

1967 பெப்ரவரி 6, திங்கள்

காலையில் பனி, பிறகு கடும் வெயில். அம்மாவின் முதுகுப் புண் நேற்றைவிட மோசம். இரண்டு தரம் மருந்து கட்டினேன்.

நான்கு கட்டளைகள் வெட்ட வேண்டியிருந்தது. கம்ப்யூட்டர் இயந்திரத்தை மேய்க்கிற புரோகிராம் அதற்கு ஒதுக்கிய இடத்துக்குள் அடங்கியே ஆக வேண்டும். இரண்டு சனிக்கிழமையே போயின. மற்ற இரண்டு இன்று. நடுவில் ஒரு குறுக்கீடு வந்தால், எட்டு ரெஜிஸ்டர்களில் ஆறாவதில் உள்ள எண்ணைச் சேமிப்பது ஒன்று, முடிந்ததும் மீட்பது ஒன்று. இடையில் யாரும் ஆறைத் தொடுவதில்லை. பிறகு எதற்கு? வெட்டிவிட்டேன்.

தாள்கள் இன்றே லண்டன் கம்பனிக்கு விமானத் தபாலில். அடங்கினால், அம்மாவைப் பார்க்க ஊருக்கு வந்த எனக்காக ஜூன்வரை என் இடத்தை வைத்திருப்பதாக மேலாளர் எழுதியிருக்கிறார். அடங்காவிட்டால் என்ன என்று எழுதவில்லை.

அண்ணி: "ரெஜிஸ்டர் எண்டால் பள்ளிக்கூடத்திலை பேர் கூப்பிடுற இடாப்புத்தானே? எட்டு இடாப்போ?"

இடாப்பு இல்லை, கை என்றேன். எட்டுக் கை. வேறு வேலைக்குக் கூப்பிட்டால் கையிலிருப்பதை வைத்துவிட்டுப் போய், திரும்பி வந்து அதையே எடுக்க வேண்டும்.

"எனக்கு ரெண்டு கைதான். அதையும் ஒருத்தரும் ஓய விடுகினமில்லை."

பெப்ரவரி 8, புதன்

களத்தில் கதிரைச் சூடடித்து முடிந்தது. நெல் அளப்பு. அளந்தவர் பக்கத்துக் காணிக் கந்தையா அண்ணை. முதல் பெட்டிக்கு ஒன்று என்று சொல்லாமல் 'லாபம்', பிறகு இரண்டு, மூன்று. அடுத்த பெட்டி நிறையும்வரை அதே எண்ணை வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பார். அளப்பவரோடு களத்தில் யாரும் பேசக் கூடாது. எனக்கு மறந்துபோயிற்று.

"தேத்தண்ணியை எங்கை வைக்க, அண்ணை?"

"அந்த வரம்பிலை வை, பிள்ளை." தடுமாறவே இல்லை. "இருபத்தாறு, இருபத்தாறு, இருபத்தாறு..."

சாக்குக்கு இரண்டு பெட்டியாகச் சாக்குகளை எண்ணினால் இருபத்துநான்குதான். அண்ணா எல்லாவற்றையும் கொட்டித் திரும்ப அளக்கச் சொன்னார்.

"லண்டன்காரி கதைச்சால் நெல்லும் பெருகுது" என்றார் கந்தையா அண்ணை. எல்லோரும் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. புரோகிராமில், இயந்திரம் வாசிக்கும் துளைநாடா சிக்கினால் மட்டும் போகிற ஒரு வழி உண்டு, வேறு தாளில். அது ஆறாவது ரெஜிஸ்டரைத் தொடும்.

பெப்ரவரி 9, வியாழன்

மூன்று தரம் பார்த்தேன். தொடுகிறது. மணி எதுவும் அடிக்காது. வேறொரு எண்ணைப் பிடித்துக்கொண்டு கணக்கு அமைதியாகத் தொடரும். நாடா சிக்குவது அபூர்வம், மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாது. அந்த இயந்திரம் போகப்போவது ஒரு புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு. நோயாளிக்குக் கொடுக்கும் கதிரின் அளவைக் கணக்கிட.

அண்ணா: "அவங்கள் பிடிக்காத பிழையை நீயே சொல்லப் போறியோ?"

"ஓம்."

"விசரே உனக்கு? அந்த இடம் போச்சுதெண்டால் பிறகு இந்தக் கொலனிதான்."

"தெரியும்."

வெட்டுவதற்கு வேறு இரண்டு கட்டளை தேடினேன், பகல் சாப்பாடுவரை. இல்லை. உருத்திரபுரத்திலிருந்து கிளிநொச்சி பஸ். நின்றபடி. தந்தி: ஆறாவது ரெஜிஸ்டரைச் சேமிக்கும் கட்டளைகளைத் திரும்பப் போடவும். பிழை என்னுடையது. புரோகிராம் அடங்காது.

பெப்ரவரி 14, செவ்வாய்

மூட்டம். மழை இல்லை. பதில் தந்தி. தாள்கள் நேற்றுக் கிடைத்தனவாம், இரண்டு வரியையும் திரும்பப் போட்டாயிற்றாம். மீதியை வேறொருவர் முடிப்பார். என்னிடம் உள்ள பிரதிகளை அனுப்பிவிட வேண்டும். நன்றி என்றும் இருக்கிறது.

"என்னவாம்?" என்றார் அண்ணா.

"பிழை திருத்தியாச்சாம்."

"அப்ப ஜூனிலை போறியோ?"

"இல்லை."

தந்தியைக் கையில் வாங்கினார். அவருக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.